பாதுகாப்பான குளிர்ச்சி

டோரீனுக்கு வேண்டியதெல்லாம் கழுத்தளவு வெந்நீரில் ஒரு குளியல். ஸ்பெயினுக்குக் கூட்டிப் போ என்று கேட்கவில்லை, பாதிரியாரை வரச் சொல் என்றும் கேட்கவில்லை. எலும்புக்குள் புகுந்துகொண்ட நோய், படுக்கையில் எப்படித் திரும்பினாலும் கடித்தது. வெந்நீரில் கிடந்தால் மட்டும் சற்று வாயை மூடிக்கொண்டது. அந்த வெந்நீர்த் தொட்டி சாண்ட்பைப்பர் இல்லத்திலேயே, அவள் அறையிலிருந்து சில கதவுகள் தள்ளித்தான் இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

துணிக்குக் காரணம், ஆளை உட்கார வைத்துத் தொட்டிக்குள் இறக்கும் தூக்கு நாற்காலி. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைத் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் தொங்கவிட்டபடி நின்றுபோனது. தபால்காரரை எப்படியோ இறக்கிவிட்டார்கள். நாற்காலி இன்னும் அப்படியே நிற்கிறது.

"தலைமை ஆபீசுக்கு எழுதியிருக்கோம் கண்ணு," என்றாள் நர்ஸ் லொரெயின். அவளுக்கு நோயாளி, டாக்டர், பிஷப், வாசலில் வந்து நிற்கும் நாய் எல்லாருமே கண்ணுதான். "சீக்கிரமே ஒரு முடிவு வரும்னு சொல்லியிருக்காங்க."

"சீக்கிரம்னா?" என்று கேட்டார் டோரீனின் கணவர் டிரெவர் பிக்கர்ஸ்கில்.

லொரெயின் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். அந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் யாருக்கும் இனி வைத்தியம் இல்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காக வருகிறவர்கள். அங்கே 'சீக்கிரம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று லண்டனில் இருப்பவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அவர்களுடைய தலைமை அலுவலகம் லண்டனில் இருந்தது. இல்லத்தை நடத்துவது 'கதகதப்பான கரங்கள்' என்ற அறக்கட்டளை. அந்தக் கரங்கள் இந்த வருடம் புதிதாக ஒன்றைப் பிடித்திருந்தன.

இல்லம் இருக்கும் கடலோர ஊரான கிரிம்ஸ்விக்கில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடலில் போய் விழுவது பழைய வழக்கம். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், முந்தின நாள் ஏற்றிக்கொண்டது கொஞ்சம் அதிகம் என்பார்கள். கசாப்புக் கடை மால்கம் வருடா வருடம் மனைவியின் கல்யாண கவுனை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடுவார். அவருக்குப் பின்னால் வாழைப்பழ வேஷம், கன்னியாஸ்திரி வேஷம், வெறும் ஜட்டி. கத்திக்கொண்டே கடலுக்குள் ஓடுவார்கள். இடுப்பு நனைந்ததும் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு கரைக்கு ஓடிவருவார்கள். யாராவது ஒரு வாளியை நீட்டுவார்கள், அதில் சில்லறையும் நோட்டும் விழும். பிறகு எதிரே இருக்கும் பப்பில் பட்டாணி சூப். நிர்வாகம் என்று பார்த்தால் மொத்தமே அந்த வாளிதான். அது நேராக இல்லத்துக்குப் போய்விடும்.

அந்த வாளியைத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. இனி இது 'பெருங்குளிர்ச் சவால்' என்று அறிவித்தார்கள். இந்த வருட வசூல் தொட்டியைச் சரிசெய்யத்தான் என்று லொரெயின் சொன்னாள். அன்று மாலையே டிரெவர் பெயர் கொடுத்தார்.

"நீயா? கடலுக்கா?" டோரீன் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "யோவ், நீ மழையில நனைஞ்சாலே மூணு நாள் புலம்புவியே."

அவள் சொன்னது உண்மை. டிரெவர் கடலோரச் சாலையில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். கடலைப் பற்றிய அவருடைய கருத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை நல்ல கடல் என்பதுதான். கிரிம்ஸ்விக்கில் பிறந்து வளர்ந்தும் இதுவரை அதில் கணுக்காலைக்கூட வைத்ததில்லை.

டோரீனுக்கோ தண்ணீர்தான் பிழைப்பு. நகராட்சி நீச்சல் குளத்தில் விசிலும் கழுத்துமாக முப்பது வருடம் நின்றவள். டிக்கெட் வாங்கும் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு வண்ண ரப்பர் பட்டை மாட்டிவிடுவார்கள். நேரம் முடிந்ததும் "நீலப் பட்டை எல்லாம் வெளிய வா!" என்று அவள் கூவுவாள். காது கேட்காததுபோல் முங்குகிறவனையும், சிநேகிதனிடம் பட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு ஆட்டம் போடுகிறவனையும் கூட்டத்தில் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவாள். அந்த விசில் இப்போதும் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மணியை அழுத்தினால் யாரும் வருவதில்லை, விசிலடித்தால் வந்துவிடுகிறார்கள் என்று அதற்கு அவள் காரணம் சொன்னாள்.

"உனக்காகத்தான்டி," என்றார் டிரெவர்.

"தெரியுதுய்யா. அதான் சிரிப்பா வருது."

*

பயிற்சிக் கூட்டம் ஊர்ச் சமூகக் கூடத்தில் நடந்தது. கடலில் விழ எதற்குப் பயிற்சி என்று கேட்டுக்கொண்டே ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். லண்டனிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவன் ஜாஸ்பர். அவனுடைய பதவி 'பங்கேற்பு அனுபவத் தலைவர்'. முழங்கால் வரை தொங்கும் பஞ்சு கோட்டை வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் கழற்றவில்லை. இன்னொருத்தி பிலிப்பா, ஆபத்துக் குறைப்பு அலுவலர். அவள் உட்காரும் முன் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"நண்பர்களே, முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்," என்று தொடங்கினான் ஜாஸ்பர். "இது பணம் சேக்கற விஷயம் இல்ல. பணம் சேக்கறதுங்கறது பழைய காலத்து எண்ணம். இது ஒரு பயணம்."

பஸ் ஓட்டிய பழக்கம், டிரெவர் கையைத் தூக்கினார். "எது வரைக்கும்?"

"உங்களுக்குள்ளேயே, டிரெவர்." எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பது அந்த அலுவலகத்தின் கொள்கை.

"சரிங்க. வழியில அந்தக் குளியல் தொட்டிக்கிட்ட நிக்குமா?"

ஜாஸ்பர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "என்ன அருமையான கேள்வி," என்று சொல்லி, பதில் சொல்லாமல் அடுத்த படத்தைத் திரையில் போட்டான். அதில் ஒரு பெண் மலைமேல் நின்று கைகளை விரித்துக்கொண்டிருந்தாள். கடலும் இல்லை, தொட்டியும் இல்லை.

பிறகு பிலிப்பா எழுந்தாள். "குளிர்ந்த நீர்ச் சவால்ல நாங்க கண்டுபிடிச்ச பெரிய ஆபத்து ரெண்டு. முதலாவது குளிர். ரெண்டாவது நீர்."

"சவால் மட்டும் மிச்சம் இருக்குபோல," என்றார் மால்கம் பின்வரிசையிலிருந்து.

"அதையும் ஆராய்ஞ்சிட்டு இருக்கோம்," என்ற பிலிப்பா, அவருக்கு நன்றியும் சொன்னாள்.

குளிர் எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார்க்க ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டி கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாரும் வரிசையில் நின்ற பிறகு, அந்தப் பனிக்கட்டியை யாரும் பரிசோதிக்கவில்லை என்று தெரிந்தது. பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வந்தவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

"என்ன கத்துக்கிட்டே?" என்று டோரீன் கேட்டாள்.

"குளிர் குளிருமாம்."

"அடேயப்பா. லண்டன்காரன்னா சும்மாவா."

*

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து சவால் சுருங்கத் தொடங்கியது.

முதலில் ஓடக்கூடாது, நடக்க வேண்டும் என்றார்கள். வேஷம் கூடாது என்றார்கள். மால்கமின் கல்யாண கவுன் தண்ணீரை உறிஞ்சி அவரைக் கடலடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுமாம். இத்தனை வருடமாக அந்த கவுன் ஏன் சும்மா இருந்தது என்பதை அவர்கள் விளக்கவில்லை. பிறகு இடுப்பளவு என்பது முழங்கால் அளவாயிற்று. முழங்கால் ஒரு சிக்கலான மூட்டு என்று பிலிப்பா கண்டறிந்ததும் கணுக்கால் ஆயிற்று.

டிசம்பர் நடுவில் கடலையே எடுத்துவிட்டார்கள். பிலிப்பா நேரில் வந்து, கடற்கரைச் சுவரோரம் நின்று அறிவித்தாள்.

"கடல் எங்க தர அளவுக்கு வரல. ஆழம் ஒரே சீரா இல்ல. அதோட அது நகருது. காலைல பாத்து வெச்ச இடத்துல மத்தியானம் இல்ல."

"அது வத்திப் பெருகும்மா," என்றார் மால்கம். "நிலா பாத்துக்கும்."

"அதுக்குப் பொறுப்பு யாருன்னு நகராட்சிக்கு எழுதிக் கேட்டிருக்கோம்."

ஆகவே சவால் கரைமேல், நடைபாதையில், ஒரு கூடாரத்துக்குள் நடக்கும். கடல் நீரை ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். பங்கேற்பாளர் அதில் ஒரு கால்விரலை நனைத்தால் சவால் முடிந்தது. எந்த விரல் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். ஜாஸ்பர் வாயால் சொன்னதோடு விடவில்லை, தேர்ந்தெடுக்கும் உரிமைதான் அனுபவத்தின் உயிர்நாடி என்று ஒரு கடிதமே அனுப்பியிருந்தான்.

டிரெவர் பஸ் டிப்போ கேன்டீனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அங்கேதான் அவர் கடலில் முங்கினால் பணம் தருவதாகப் பழைய கூட்டாளிகள் பெயர் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் முதல் ஆள் ரோனி, சாஸ் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"ஏம்ப்பா, முழு டிரெவரும் முங்குவான்னுதானே பேரு எழுதினேன். கால்விரலுக்கு என்ன வரும், நீயே சொல்லு."

"தொட்டிக்குத்தானடா ரோனி. டோரீனுக்கு."

"டோரீனுக்குன்னா நேரா வாங்கிக்க. இப்பவே தரேன். அந்த லண்டன்காரனுங்களுக்கு ஒரு பென்னி கிடையாது." ரோனி ஒரு நோட்டை எடுத்து நீட்டவும் செய்தான்.

அதை இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார் டிரெவர். லொரெயின் முகம் சிவந்துவிட்டது. தலைமை அலுவலகத்தின் வழியாக வராத பணத்தை இல்லம் தொடக்கூடாதாம். நோட்டு மறுபடி ரோனியிடம் போயிற்று. கையில் காசும் இருக்கிறது, தர மனமும் இருக்கிறது, தொட்டியும் இருக்கிறது. ஆனாலும் மூன்றும் ஒன்றை ஒன்று தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய அலுவலகமே இரவு பகலாக வேலை செய்கிறது என்று டிரெவருக்கு அன்றுதான் உறைத்தது. நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு கடற்பறவையைத் தவிர யாருமில்லை.

டோரீன் அந்த வாரம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். புரட்டிப் படுக்க வைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு முறை கண்ணை மூடியபடியே சொன்னாள்: "டிரெவர், பெரிய சட்டி ஏதாவது இருந்தா என்னை அதுல போட்டு வேக வெச்சிடு. உருளைக்கிழங்கு மாதிரி."

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கறதுக்கு வேற ஆளப் பாரு. எனக்கு நேரமில்ல."

*

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நடைபாதையில் ஒரு லாரி வந்து நின்றது. ஆறு பேர் சேர்ந்து தேவதாரு மரத்தில் செய்த பெரிய வட்டத் தொட்டி ஒன்றை இறக்கினார்கள். கூடவே ஒரு சூடேற்றும் இயந்திரம். அதற்குப் பிறகு இறங்கியதைப் பார்த்து, சுவரோரம் டீ குடித்துக்கொண்டிருந்த டிரெவர் பிளாஸ்க்கை மூட மறந்துபோனார். ஆளை உட்கார வைத்துத் தண்ணீருக்குள் இறக்கும் தூக்கு நாற்காலி. புத்தம் புதியது.

"மீட்புத் தொட்டி," என்றான் ஜாஸ்பர் பெருமையோடு. "சவால் முடிச்ச ஒவ்வொருத்தரையும் கட்டாயமா பத்து நிமிஷம் வெந்நீர்ல வைக்கணும். பிலிப்பா இதுல ரொம்பக் கறார்."

"ஒரு கால்விரல் நனைஞ்சதுக்கா?"

"குளிர் எந்த வழியா உள்ள போகும்னு சொல்ல முடியாது, டிரெவர்."

"அந்த நாற்காலி?"

"நடக்க முடியாதவங்களும் ஏறணும் இல்லையா? யாரையும் விலக்கறதில்லங்கறது நம்ம அறக்கட்டளையோட ஆத்மா."

டிரெவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர், வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். "தம்பி, இந்த நாற்காலியை அப்படியே மேட்டுல இருக்கற இல்லத்துக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். இங்கருந்து கூப்பிடு தூரம். நானே தள்ளிட்டுப் போறேன். என் சம்சாரம் அங்க இருக்கா. ஒரு குளியல்தான் கேக்கறா."

ஜாஸ்பரின் முகம் உண்மையாகவே உருகியது. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. டிரெவரின் தோளைத் தொட்டான். "உங்க வலி எனக்குப் புரியுது. இந்த மாதிரி கதைங்கதான் எங்களை ஓட வைக்குது. ஆனா பாருங்க, இது நிகழ்வுச் செலவு. இல்லத்துல இருக்கறது கட்டடச் செலவு. ஒரு டப்பாவுல இருந்து இன்னொரு டப்பாவுக்கு மாத்த எனக்கே அதிகாரம் இல்ல."

"சரி, சவால்ல வர்ற பணம்?"

"அதுலதான் இந்தத் தொட்டிக்கு வாடகை குடுக்கறோம்."

"அப்ப அந்தத் தொட்டிக்கு?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா பரிசீலனைக்கு எடுத்துக்குவோம்."

அடுத்த வருஷம். டிரெவர் அவன் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து, அவனுடைய கோட்டுப் பைக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டு நடந்தார்.

இல்லத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். டோரீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "சவால்ல யார் வேணா சேரலாமா?" என்றாள்.

"யாரையும் விலக்கறதில்லையாம். ஆத்மாவாம்."

"எனக்குக் கால்விரல் இருக்கில்ல?"

லொரெயின் மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தாள். டிரெவரையும் டோரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட கேக்கணும் கண்ணு."

"கேளு. இதுக்குமேல எனக்கு என்ன ஆயிடப் போகுதுன்னும் கேட்டுட்டு வா."

டாக்டர் ஜன்னல் வழியே கடற்கரைத் தொட்டியைப் பார்த்தார். அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நல்லா போர்த்திக் கூட்டிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

*

பெருங்குளிர்ச் சவால் அன்று வானம் ஈயம்போல் கிடந்தது. காற்று காதை அறுத்தது. வருடா வருடம் கரை கொள்ளாமல் வரும் ஊரில் மிஞ்சியது ஒரு கைப்பிடி ஆட்கள். கால்விரல் நனைப்பதை வேடிக்கை பார்க்க யார் படுக்கையைவிட்டு எழுந்து வருவார்கள்? மால்கம் மனம் பொறுக்காமல் கவுனை எடுத்து வந்திருந்தார். பிலிப்பா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிட்டாள். 'யாரையும் விலக்கோம்' என்ற துணிப் பதாகை கூடாரத்தின்மேல் படபடத்தது.

கூடாரத்துக்குள் ஒரு நீலப் பிளாஸ்டிக் பாத்திரம், வீடுகளில் தட்டு கழுவ வைத்திருப்பதுதான். அதற்குள் வட கடல். பிலிப்பா வெப்பமானியை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடல் ரொம்பக் குளிராக இருந்தது. கெட்டிலிலிருந்து கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 'பாதுகாப்பான குளிர்ச்சி' வந்ததும் சீல் வைப்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ஆளுக்கொரு வண்ணத்தில் ரப்பர் பட்டை மாட்டினார்கள். மால்கமுக்குச் சிவப்பு. டிரெவருக்கு ஆரஞ்சு. சக்கர நாற்காலியில், கம்பளிகளுக்குள் மூக்கு மட்டும் தெரிய வந்த டோரீனைப் பார்த்ததும் பிலிப்பா வாயைத் திறந்தாள். லொரெயின் மேலே இருந்த பதாகையைக் காட்டினாள். பிலிப்பா வாயை மூடி, வெள்ளைப் பட்டையை எடுத்தாள்.

"தொட்டில ஒரு நேரத்துல ஒருத்தர்தான்," என்று அறிவித்தாள். "ரெண்டு பேர் இருந்தா முழங்கை இடிக்கும். எந்த வண்ணத்தைக் கூப்பிடறேனோ, அந்தப் பட்டை கையில இருக்கறவங்க உள்ள. வேற யாருக்கும் அனுமதி இல்ல. இதுல எந்த விதிவிலக்கும் கிடையாது."

டோரீனின் கண்கள் கம்பளிக்குள் ஒரு முறை மின்னின. நீச்சல் குளத்துக் காலத்து அந்தப் பார்வையை டிரெவர் மறந்தே போயிருந்தார்.

வெள்ளைப் பட்டையை முதலில் அனுப்பினார்கள். லொரெயின் கம்பளியை விலக்கி ஒரு கால்விரலை வெளியே எடுத்துப் பாத்திரத்தில் தோய்த்தாள். "அடடா, என்னா கொடூரம்," என்றாள் டோரீன், மிதமான அந்தத் தண்ணீரைப் பார்த்து. எல்லாரும் கை தட்டினார்கள். ஜாஸ்பர் படம் எடுத்துக்கொண்டான். பிறகு தூக்கு நாற்காலி முனகாமல், நிற்காமல், வெண்ணெயில் இறங்குவதுபோல் அவளை வெந்நீருக்குள் இறக்கியது.

தண்ணீர் தோளைத் தொட்டபோது அவள் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த நெற்றி தளர்ந்தது. டிரெவர் தலையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். காற்றுக்குக் கண்ணில் நீர் வருவது சகஜம்தான்.

"வெள்ளைப் பட்டை, வெளியே வரவும்," என்றாள் பிலிப்பா. பத்து நிமிடம் முடிந்திருந்தது.

டோரீன் கண்ணைத் திறக்கவில்லை. "கேக்கல."

"வெள்ளைப் பட்டை!"

மால்கம் பாத்திரத்திலிருந்து விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டு தொட்டியருகே வந்தார். தன் சிவப்புப் பட்டையைக் கழற்றினார். தண்ணீருக்குமேல் கிடந்த டோரீனின் கையில், மெலிந்துபோன மணிக்கட்டில் மாட்டினார். "அடுத்தது சிவப்புதானேம்மா? சிவப்பு உள்ளதான் இருக்கு. கூப்பிட்டுக்க."

பிலிப்பா தன் விதிகளைப் புரட்டினாள். கையில் பட்டை இருப்பவர் உள்ளே என்று எழுதியிருந்தது. பட்டையைப் பற்றி இருந்தது, கையைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதியவள் அவளே. "சிவப்பு," என்றாள் மெல்லிய குரலில்.

"இந்தத் தில்லுமுல்லுக்கு எத்தனை பசங்கள காதைப் பிடிச்சு இழுத்து வெளிய விட்டிருப்பேன்," என்றாள் டோரீன். "எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

பச்சை வந்தது. நீலம் வந்தது. ஊதா, மஞ்சள், அப்புறம் லொரெயின் கையில் இருந்த ரோஸ். ஒவ்வொருவராகப் பாத்திரத்தில் விரலைத் தோய்த்து, பட்டையைக் கழற்றி அவள் கையில் ஏற்றினார்கள். டோரீன் வெந்நீரில் மிதந்தாள். வலி எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஆரஞ்சு. டிரெவர் காலுறையைக் கழற்றிக்கொண்டு கூடாரத்துக்குள் போனபோது பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"தண்ணி ஆறிப்போச்சு," என்றாள் பிலிப்பா. "கெட்டிலுக்கு கேஸும் தீந்துபோச்சு. பாதுகாப்பான குளிர்ச்சி இல்லாம நடத்த முடியாது. சவால் முடிஞ்சுது, டிரெவர். ஆரஞ்சு செல்லாது. ரோஸ் முடிஞ்சதும் அவங்க வெளிய வந்துடணும்."

டிரெவர் கவிழ்ந்த பாத்திரத்தைப் பார்த்தார். வெளியே வந்து தொட்டியைப் பார்த்தார். ஆவிக்கு நடுவில் டோரீனின் முகம், கல்யாணமான புதிதில் தூங்குவதுபோல். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தர அளவுக்கு வராத கடல் அங்கே சும்மாதான் கிடந்தது.

அவர் படியில் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. மணலில் ஓடத் தொடங்கியதும் மால்கம்தான் முதலில் கத்தினார். "ஏய், டிரெவர்! போடு!" கோட்டு, தொப்பி, ஒரு காலில் காலுறை, எல்லாவற்றோடும் அவர் வட கடலுக்குள் ஓடினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. எத்தனையோ கிறிஸ்துமஸில் பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்ட அலறல், அவர் வாயிலிருந்தே வந்தது. அதில் குளிர் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இரண்டு டப்பாக்கள், அருமையான கேள்விகள், அடுத்த வருஷம். மூச்சு இருக்கும்வரை கத்திவிட்டு முங்கினார்.

கரையேறி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. பிலிப்பா எதிரே ஓடிவந்தாள். "அது அங்கீகரிச்ச தண்ணி இல்ல!"

"ஆனா குளிர்ந்த தண்ணி," என்றாள் லொரெயின். "ஆளைப் பாருங்க. குளிர் பட்டவங்களைக் கட்டாயமா வெந்நீர்ல வைக்கணும்னு சொன்னீங்களே கண்ணு. ஆரஞ்சைக் கூப்பிடுங்க."

பிலிப்பா பாவம், விதி விதிதான். "ஆரஞ்சு," என்றாள்.

டிரெவர் விரல்கள் விறைத்துப்போய், பட்டையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். முழங்கை வரை வண்ணம் ஏறியிருந்த அந்தக் கையில் அதையும் மாட்டிவிட்டு, தொட்டியோரம் நின்றுகொண்டார். கோட்டு நுனியிலிருந்து நீர் சொட்டியது.

அதே நேரத்தில் ஜாஸ்பர் ஒலிபெருக்கியைப் பிடித்தான். "நண்பர்களே, சரித்திரம் படைச்சிட்டோம்! பெருங்குளிர்ச் சவால் வரலாற்றிலேயே முதல் முறையா இன்னிக்கு ஒருத்தருக்குக்கூடக் குளிரல! வசூலான தொகை செலவுக்குச் சரியாப் போச்சு. அதாவது இந்த நிகழ்ச்சி தன் சொந்தக் கால்ல நிக்குது—"

தொட்டிக்குள் டோரீன் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தாள். "யோவ். பல்லு தந்தி அடிக்குது."

"இ-இல்லியே. எனக்குக் கு-குளிரல."

"முப்பது வருஷம் ஒவ்வொரு பயலும் இதத்தான்யா சொன்னான்." அவள் கையை நீட்ட, கட்டிலிலிருந்து கூடவே கொண்டுவந்திருந்த விசிலை லொரெயின் கம்பளிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து டோரீன் ஊதினாள். ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் நின்றது. பறவைகள் சுவரைவிட்டு எழும்பின.

"காலம் பூரா எல்லாரையும் வெளிய வா வெளிய வான்னே கூப்பிட்டாச்சு," என்றாள். "ஆரஞ்சுப் பட்டை! உள்ள வாய்யா."

டிரெவர் கோட்டோடு ஏறி இறங்கினார். தண்ணீர் விளிம்பு தாண்டி நடைபாதையில் கொட்டியது. இருவருடைய முழங்கைகளும் இடித்துக்கொண்டன. ஒன்றும் ஆகவில்லை.

பத்து நிமிடம் முடிந்ததும் பிலிப்பா "ஆரஞ்சு" என்று கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். இருவருக்கும் கேட்கவில்லை.